பெட்டிக்குள் கார்டு பொருந்துமா? சர்வர் வழியே ஓர் அளவீட்டுப் பாடம்

ஆறாம் வகுப்பு அறிவியல் அளவீடுகளில் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் அதே பொருள் வெர்னியர் அளவியோடும் திருகு அளவியோடும் மீண்டும் வருகிறது. மாணவர்கள் பென்சிலை அளக்கிறார்கள், நாணயத்தை அளக்கிறார்கள், கம்பியின் விட்டத்தை அளக்கிறார்கள். விடையைப் பதிவேட்டில் எழுதியதும் வேலை முடிந்துவிடுகிறது. அளந்த எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்யும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

தொழில் செய்பவர்கள் அளப்பது ஒரு முடிவுக்காக. இந்தச் சாமான் இந்தப் பெட்டிக்குள் போகுமா, போனால் சரியாக உட்காருமா, உட்கார்ந்தபின் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதே அவர்கள் கேள்வி. இந்த மூன்று கேள்விகளையும் வகுப்பில் எழுப்ப நல்லதொரு பொருள் நம் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்திலேயே இருக்கிறது. இடம் குறைந்த சர்வர் பெட்டிக்குள் கூடுதல் கார்டு ஒன்றைப் பொருத்துவதுதான் அது. பாடநூல் சொல்லும் சேவையகத்தை எல்லோரும் சர்வர் என்றே அழைப்பதால் இக்கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன். திருவொற்றியூர்ப் பகுதி அரசுப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு நான்கு பாடவேளைகளில் செய்து பார்த்த பாடம் இது. அட்டை, கத்தரிக்கோல், அளவுகோல் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

எதற்காக இந்தப் பாடம்?

நானறிந்த ஒரு பள்ளியில் ஆய்வகக் கணினி ஒன்றின் நெட்வொர்க் இணைப்பு பழுதானது. சரிசெய்ய வந்தவர் புதிய நெட்வொர்க் கார்டு கொண்டுவந்தார். கணினியின் பெட்டி ஒல்லியானது. கார்டின் உலோகப் பட்டை உயரமானது. பெட்டி மூடவில்லை. அவர் பட்டையைக் கழற்றிவிட்டுக் கார்டை மட்டும் ஸ்லாட்டில் செருகி மூடினார். கணினியும் வேலை செய்தது. சில வாரங்கள் கழித்து இணையவழித் தேர்வு நடந்த நாளில் யாரோ மேசையை நகர்த்த, கேபிள் இழுபட, திருகு இல்லாத கார்டு சாய்ந்தது. இணைப்பு போனது. அந்தக் கணினிக்கு முன் அமர்ந்திருந்த மாணவி தேர்வைத் தொடர முடியாமல் காத்திருந்தார்.

கார்டு ஸ்லாட்டுக்குள் நுழைந்தது, பெட்டிக்குப் பொருந்தவில்லை. வாங்கும் முன் ஓர் அளவுகோலும் இரண்டு நிமிடமும் செலவிட்டிருந்தால் உயரம் குறைந்த பட்டையுள்ள கார்டே வந்திருக்கும். அளக்கும் பழக்கம் இல்லாவிட்டால் நடைமுறையில் என்ன நேர்கிறது என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. வடசென்னையில் நம் பிள்ளைகள் பழைய மதர்போர்டுகளை இரும்புக் கடைத் தராசில்தான் அதிகம் பார்க்கிறார்கள். அதைக் கிலோக் கணக்கில் விற்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குள் ஒரு கார்டை எப்படிப் பொருத்துவது என்பது தெரியாது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன. 2021-இல் தமிழ்நாடு அரசு தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அந்த மையங்களில் நிரல் எழுதுபவர்கள் மட்டும் வேலை செய்வதில்லை. ரேக்கில் சர்வர் ஏற்றுபவர், கார்டு மாற்றுபவர், கேபிள் கட்டுபவர், குளிரூட்டியைக் கவனிப்பவர் எல்லோரும் வேண்டும். இந்த வேலைகளுக்கு ஒரு பாதை இருக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே பிள்ளை தெரிந்துகொள்வது நல்லது.

கன்டெய்னரிலிருந்து தொடங்குவோம்

சர்வரை மாணவர் பார்த்ததில்லை. கன்டெய்னரைத் தினமும் பார்க்கிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் டிரெய்லர்களைக் கடந்துதான் பலர் பள்ளிக்கு வருகிறார்கள். எனவே முதல் பாடவேளையை அங்கிருந்து தொடங்கலாம்.

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-இல் தொடங்கப்பட்டது. அங்கே வந்திறங்கும் 20 அடிக் கன்டெய்னரின் வெளி அகலம் 8 அடி. அதாவது 2438 மி.மீ. சிங்கப்பூரில் ஏற்றினாலும் எண்ணூரில் இறக்கினாலும் இந்த அகலம் மாறாது. கப்பலும் கிரேனும் டிரெய்லரும் இந்த ஓர் அளவை நம்பித்தான் செய்யப்படுகின்றன.

இப்போது மாணவர்களிடம் கேளுங்கள்: "2400 மி.மீ. அகலமுள்ள பெட்டி இதற்குள் போகுமா?" பெரும்பாலோர் போகும் என்பார்கள். 2438 பெரியது, 2400 சிறியது. ஆனால் கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2350 மி.மீ. மட்டுமே. சுவர்த் தகட்டின் நெளிவு மீதியை எடுத்துக்கொள்கிறது. கதவின் திறப்பு அதைவிடவும் சற்றுக் குறைவு. என் வகுப்பில் டிரெய்லர் ஓட்டுநரின் மகன் ஒருவன் உடனே சொன்னான்: "கதவு அளவைத்தான் சார் முதல்ல கேக்கணும்." அவன் சொன்ன வாக்கியத்தைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதி நான்கு பாடவேளையும் அழிக்காமல் வைத்திருந்தோம்.

அடுத்த கேள்வி. சரக்கு அடுக்கும் பாலெட்டுகளில் பரவலான ஓர் அளவு 1200 மி.மீ.க்கு 1000 மி.மீ. இரண்டு பாலெட்டுகளை நீளவாக்கில் குறுக்கே வைத்தால் 1200 + 1200 = 2400. உள் அகலம் 2350. போகாது. ஒன்றைத் திருப்பி வைத்தால் 1200 + 1000 = 2200. போகும், 150 மி.மீ. மிச்சம். பாலெட்டும் மாறவில்லை, கன்டெய்னரும் மாறவில்லை. வைத்த திசை மட்டும் மாறியது. கன்டெய்னருக்குள் சரக்கு அடுக்குவதை நம் பகுதித் தொழிலாளர்கள் ஸ்டஃபிங் என்பார்கள். ஸ்டஃபிங் வேலை தெரிந்த பெற்றோர் யாரேனும் இருந்தால் அரை மணி நேரம் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். அவர் சொல்லும் கணக்கைத்தான் சர்வருக்குள்ளும் பார்க்கப்போகிறோம்.

ரேக்கின் அளவு: ஒரு 'யு'

சர்வர்கள் இரும்புச் சட்டம் ஒன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்படுகின்றன. அதுவே ரேக். முன்பக்கத் தகட்டின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை அளக்க 'யு' என்ற அலகு உண்டு. 1 யு என்பது 1.75 அங்குலம், 44.45 மி.மீ. எந்த நிறுவனத்தின் சர்வராக இருந்தாலும் அதன் உயரம் இந்த அலகின் முழு மடங்காகவே இருக்கும். கன்டெய்னருக்கு 20 அடி போல, ரேக்குக்கு 1 யு.

மாணவர்களே பெருக்கிக் கண்டுபிடிக்கட்டும்:

1 யு = 44.45 மி.மீ.
2 யு = 88.90 மி.மீ.
3 யு = 133.35 மி.மீ.
4 யு = 177.80 மி.மீ.
42 யு = 1866.90 மி.மீ.

கடைசியாக உள்ளது தரவு மையங்களில் வழக்கமாகக் காணும் ரேக்கின் உயரம். ஆளுயரத்தைவிடச் சற்றுக் கூடுதல். உங்கள் ஆய்வகச் சுவரில் நெட்வொர்க் சுவிட்ச் வைத்த சிறு ரேக் இருந்தால், கதவைத் திறக்காமலேயே அது எத்தனை யு என்று மாணவர்கள் அளந்து சொல்லலாம்.

இந்த அளவும் வெளி அளவுதான். உள்ளே அடித்தகடு, தாங்கித் திருகுகள், மதர்போர்டு ஆகியவை இடம் எடுத்துக்கொள்ளும். வகுப்புக் கணக்குக்காக இவற்றுக்கு 10 மி.மீ. கழித்துக்கொள்வோம். அப்படியானால் 1 யு பெட்டியில் கிடைப்பது சுமார் 34 மி.மீ.; 2 யு பெட்டியில் 79; 3 யு பெட்டியில் 123; 4 யு பெட்டியில் 168.

கார்டின் அளவு

சர்வரோடு வரும் வசதிகள் போதாதபோது கூடுதல் கார்டு சேர்க்கிறோம். வேகமான நெட்வொர்க் இணைப்புக்கு ஒன்று, பல ஹார்டு டிஸ்க்குகளைக் கையாள ஒன்று, படக் கணக்கீடுகளுக்கு ஒன்று. இன்று பெரும்பாலும் இவை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற தரத்தின்படி செய்யப்படுகின்றன. அந்தத் தரம் கார்டின் உருவத்தையும் வரையறுக்கிறது.

முழு உயரக் கார்டு: உயரம் அதிகபட்சம் 111.15 மி.மீ.
குறை உயரக் கார்டு: உயரம் அதிகபட்சம் 68.90 மி.மீ.
அரை நீளக் கார்டு: நீளம் 167.65 மி.மீ. வரை.
முழு நீளக் கார்டு: நீளம் 312 மி.மீ. வரை.
அடுத்தடுத்த இரு ஸ்லாட்டுகளின் இடைவெளி: 20.32 மி.மீ.

கார்டின் ஓரத்தில் 'எல்' வடிவ உலோகப் பட்டை இருக்கும். தொழிலில் இதைப் பிராக்கெட் என்பார்கள். கார்டைப் பெட்டியின் பின்சுவரோடு திருகிப் பிடிப்பது இதுதான். முழு உயரப் பிராக்கெட் சுமார் 120 மி.மீ.; குறை உயரப் பிராக்கெட் சுமார் 80 மி.மீ. குறை உயரக் கார்டு பலவற்றோடு இரண்டு பிராக்கெட்டும் சேர்த்தே விற்கப்படும். பெட்டிக்குத் தக்கதை மாட்டிக்கொள்ள வேண்டும். வேண்டாத பிராக்கெட்டைத் தூக்கிப்போடாமல் பெயர் எழுதி உறையில் இட்டு வைப்பது நல்ல ஆய்வகப் பழக்கம்.

இப்போது ஒப்பிடலாம். கார்டை நிமிர்த்தி நிறுத்தினால்:

1 யு பெட்டியில் (34) குறை உயரக் கார்டுகூட (69) நிற்காது.
2 யு பெட்டியில் (79) குறை உயரக் கார்டு நிற்கும். முழு உயரக் கார்டு (111) நிற்காது.
3 யு, 4 யு பெட்டிகளில் இரண்டும் நிற்கும்.

இங்கே ஒரு மாணவி நியாயமான கேள்வி கேட்டார்: "அப்படின்னா 1 யு சர்வர்ல கார்டே போட முடியாதா சார்?" வகுப்பு முழுவதும் பாலெட்டை நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது. விடையை நாமே சொல்லிவிடாமல் இரண்டு நிமிடம் பொறுத்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: படுக்க வைக்கலாம்.

படுக்க வைக்கும் ரைசர்

ஸ்லாட் மதர்போர்டின்மேல் மேல்நோக்கி இருக்கிறது. படுத்த கார்டை அதில் எப்படிச் செருகுவது? இதற்காகவே ரைசர் என்ற சிறு பலகை உண்டு. அது மதர்போர்டு ஸ்லாட்டில் நிமிர்ந்து நிற்கும். அதன் பக்கவாட்டில் இன்னொரு ஸ்லாட் இருக்கும். கார்டு அந்தப் பக்க ஸ்லாட்டில் படுத்த நிலையில் செருகப்படும். திசை 90 பாகை திரும்பிவிடுகிறது. இப்போது கார்டின் உயரமான 111 மி.மீ. பெட்டியின் அகலத்தில் போய்விடுகிறது. பெட்டியின் உயரத்தில் ஒரு ஸ்லாட்டுக்குரிய 20.32 மி.மீ. மட்டும் வேண்டும்.

கணக்கைத் தொடரச் சொல்லுங்கள். 1 யு பெட்டியில் கிடைப்பது 34 மி.மீ. ஒரு கார்டுக்கு 20.32, போதும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க 40.64, போதாது. எனவே 1 யு பெட்டியில் ஒரு ரைசருக்கு ஒரு கார்டு. கூடுதலாக வேண்டுமென்றால் மறுபக்கத்தில் இன்னொரு ரைசர். 2 யு பெட்டியில் கிடைப்பது 79. மூன்று கார்டுகளுக்கு 60.96, போதும். நான்குக்கு 81.28; போதாது. உண்மையான 2 யு சர்வர்களில் மூன்று ஸ்லாட் உள்ள ரைசர்களைப் பரவலாகக் காணலாம். மாணவர் கண்டடைந்த விடையும் பொறியாளர் கண்டடைந்த விடையும் ஒன்றாக இருப்பதைச் சொல்லும்போது வகுப்பில் ஏற்படும் மகிழ்ச்சியை நீங்களே பார்க்கலாம்.

கணித ஆசிரியருக்கும் இங்கே வேலை இருக்கிறது. இடப்பக்க ரைசரைக் கழற்றி வலப்பக்கம் மாட்ட முடியாது. கார்டின் விளிம்பில் உள்ள வெட்டு நடுவில் இல்லை; ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அதனால் கார்டு ஒரே திசையில்தான் நுழையும். வலமும் இடமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போன்றவை. சமச்சீர்த் தன்மை இல்லாத உருவம் எதிரொளிப்பில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

ஸ்லாட்டின் நீளமும் தடங்களும்

உருவம் பொருந்தியாயிற்று. மின் இணைப்பு பொருந்துமா? பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள் 1, 4, 8, 16 தடங்கள் கொண்டவை. தடம் என்பது தரவு போய்வரும் பாதை. சாலையின் வழித்தடம் போல. தடம் கூடினால் ஸ்லாட்டின் நீளமும் கூடும்: 1 தட ஸ்லாட் சுமார் 25 மி.மீ., 4 தடம் 39, 8 தடம் 56, 16 தடம் 89. அளவுகோலால் அளந்தே எத்தனை தடம் என்று சொல்லிவிடலாம்.

குறைந்த தடமுள்ள கார்டு நீண்ட ஸ்லாட்டில் நுழையும், வேலையும் செய்யும். நீண்ட கார்டு, முனை மூடிய குட்டை ஸ்லாட்டில் நுழையாது. இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 16 தட நீளமுள்ள ஸ்லாட்டில் 8 தடங்களுக்கு மட்டும் உள்ளே இணைப்பு கொடுத்திருக்கலாம். கார்டு நுழையும், இயங்கும். ஆனால் 8 தட அளவுக்கே தரவு ஓடும். எட்டு வழி சுங்கச்சாவடியில் நான்கு வழியை மட்டும் திறந்து வைத்தது போல. எனவே நீளத்தை அளந்ததோடு நில்லாமல் ஸ்லாட்டின் அருகே மதர்போர்டில் அச்சிட்டுள்ளதையும் கையேட்டையும் படிக்க வேண்டும். அளவுகோல் சொல்லாத செய்தியும் உண்டு என்று மாணவர் அறிந்துகொள்ளும் இடம் இது.

காற்றும் வெப்பமும்

மூன்றாவது கேள்வி: பொருந்தியபின் ஒழுங்காக வேலை செய்யுமா? கார்டு மின்சாரம் எடுக்கிறது. எடுத்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. 16 தட ஸ்லாட் வழியே ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் வரை எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் தனிக் கேபிள் வழியே மின்சாரம் தர வேண்டும்.

ரேக் சர்வரில் காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறும். 1 யு பெட்டியின் உயரத்துக்குள் 40 மி.மீ. விசிறிதான் அடங்கும். 2 யு பெட்டியில் 80 மி.மீ. விசிறி அடங்கும். வட்டத்தின் பரப்பளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். 40 மி.மீ. விசிறியின் பரப்பு சுமார் 1257 சதுர மி.மீ.; 80 மி.மீ. விசிறிக்கு 5027. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஒரு பெரிய விசிறி நிற்கும் அகலத்தில் இரண்டு சிறிய விசிறிகள் நிற்கும். அப்போதும் அவற்றின் மொத்தப் பரப்பு பாதிதான். குறைந்த பரப்பில் போதிய காற்றைத் தள்ள விசிறி வேகமாகச் சுழல வேண்டும். 1 யு சர்வர் ஏன் இவ்வளவு இரைகிறது என்பதற்கு இதுவே காரணம். வெப்பச்சலனம் நடத்தும் ஆசிரியர் இங்கிருந்து தொடங்கலாம்.

கார்டு இல்லாத ஸ்லாட்டின் பின்திறப்பை மூடும் சிறு தகட்டைப் பலர் கழற்றிப்போட்டுவிடுகிறார்கள். அது அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. திறப்பு இருந்தால் காற்று தான் போக வேண்டிய பாதையை விட்டுக் குறுக்குவழியில் போய்விடும், தூசியும் நுழையும். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் உப்புக் காற்றும் சேரும். உப்பு ஈரம் இரும்புத் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். கார்டின் செருகு விளிம்பில் தங்க முலாம் பூசுவதும் இதனால்தான். தங்கம் எளிதில் வினைபுரியாது. அரிமானம் பற்றிய பாடத்துக்கு இது நம் வாசலிலேயே உள்ள சான்று.

வகுப்பறைச் செயல்பாடு

முதல் பாடவேளையில் கன்டெய்னர் கணக்கும் யு அட்டவணையும். இரண்டாவது, மூன்றாவது பாடவேளைகளில் மாதிரி செய்தல். ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். அளப்பவர், வெட்டுபவர், கணக்கிடுபவர், பதிவு செய்பவர், சோதிப்பவர் என்று பொறுப்புகளைக் கொடுத்து நடுவில் மாற்றவும்.

1. பழைய அட்டைப்பெட்டிகளிலிருந்து உண்மை அளவிலேயே 1 யு, 2 யு, 4 யு பெட்டிகளைச் செய்யவும். உயரம் மட்டும் துல்லியமாக இருந்தால் போதும்: 44, 89, 178 மி.மீ. அகலம் 300 மி.மீ., நீளம் 250 மி.மீ. என வைத்துக்கொள்ளலாம்.

2. அடியில் 10 மி.மீ. தடிமனுக்கு அட்டைகளை ஒட்டவும். இதுதான் மதர்போர்டும் தாங்கிகளும்.

3. முழு உயரக் கார்டாக 168க்கு 111 மி.மீ., குறை உயரக் கார்டாக 168க்கு 69 மி.மீ. அட்டைத் துண்டுகளை வெட்டவும். ஒவ்வொன்றின் மீதும் காலித் தீப்பெட்டி ஒன்றை ஒட்டினால் கார்டின் பருமன் கிடைக்கும்.

4. பொருத்திப் பார்க்கும் முன் ஒவ்வொரு குழுவும் தன் கணிப்பை எழுத வேண்டும்: எது எங்கே நிற்கும், எது எங்கே படுக்கும். இந்தப் படியை விட்டுவிடக் கூடாது. கணித்தபின் சோதிப்பதில்தான் கற்றல் நடக்கிறது.

5. பொருத்திப் பார்த்து, மூடியை மூடி, கணிப்போடு ஒப்பிடவும். மாறினால் காரணம் எழுதவும். பல குழுக்களில் அட்டையின் தடிமனைக் கழிக்காததுதான் காரணமாக இருந்தது. கன்டெய்னர்ச் சுவரின் நெளிவை அவர்களே அப்போது நினைவுபடுத்திக்கொண்டார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதையே எளிமையாகச் செய்யலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஜியோமெட்ரி பாக்ஸ், டிபன் பாக்ஸ், நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை ஒரு செருப்புப் பெட்டிக்குள் மூடி மூடும்படி அடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பொருளை எந்தப் பக்கமாகத் திருப்பினோம் என்று வாயால் விளக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் என்ற சொற்களைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்று கவனித்தால் போதும்.

உண்மைக் கருவியில் பார்ப்பது

நான்காம் பாடவேளைக்குப் பழைய மேசைக் கணினி ஒன்று போதும். ஆய்வகத்தில் இயங்கும் கருவியையும் உத்தரவாதக் காலத்தில் உள்ள கருவியையும் திறக்க வேண்டாம். முறைப்படி கழிவு செய்யப்பட்டு, தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு கற்பித்தலுக்கு ஒதுக்கப்பட்ட கருவியை மட்டும் பயன்படுத்துங்கள். பயன்பாடு முடிந்ததும் அதைப் பழைய சாமான் கடைக்குக் கொடுக்காமல் அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 இதற்காகவே உள்ளன.

திறக்கும் முன் மின்கேபிளை முழுவதும் பிடுங்கிவிட வேண்டும். சர்வர்களில் பெரும்பாலும் இரண்டு மின்வழங்கிகள் இருக்கும் என்பதையும், இரண்டையும் பிடுங்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். பிடுங்கியபின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, மிச்ச மின்னூட்டத்தைத் தீர்க்கவும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

நிலைமின்சாரத்தையும் விளக்க வேண்டும். கதவுப்பிடியைத் தொடும்போது சுரீர் என்று உணரும் அளவுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். நுண்ணிய மின்னணுப் பாகங்களைப் பழுதாக்க அதில் சிறு பங்கே போதும். நமக்கு உணர்வே இருக்காது. எனவே மணிக்கட்டுப் பட்டை அணிய வேண்டும்; இல்லாவிட்டால் பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொள்ள வேண்டும். கார்டை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். தங்க முலாம் பூசிய பகுதியில் விரல் படக் கூடாது.

பொருத்தும் வரிசை இது: பின்தகட்டைக் கழற்று, கார்டின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக உள்ளனவா பார், இரு முனைகளிலும் சம அழுத்தம் கொடுத்து நேராக இறக்கு, பிராக்கெட் பின்சுவரில் சரியாக உட்கார்ந்ததா பார், திருகு போடு, கேபிள்கள் விசிறியில் உரசாமல் ஒதுக்கு, மூடியை மூடு. ரைசர் உள்ள சர்வராக இருந்தால் ரைசரை வெளியே எடுத்து, மேசைமேல் வைத்துக் கார்டைச் செருகித் திருகி, பிறகு இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும். திருகு போடும் முறையை ஒவ்வொரு மாணவரும் கையால் செய்து பார்க்கட்டும். மேலே சொன்ன தேர்வு நாளில் விடுபட்டிருந்த படி அதுதான்.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டுக்கு இந்த நான்கு கேள்விகளைப் பயன்படுத்தலாம்.

1. 9 யு சுவர் ரேக்கில் 1 யு சுவிட்ச் ஒன்றும் 2 யு சர்வர் இரண்டும் உள்ளன. மிச்சமுள்ள உயரம் எவ்வளவு? (4 யு, 177.8 மி.மீ.)

2. முழு உயரக் கார்டை 2 யு சர்வரில் பொருத்த வேண்டும். எப்படி? (ரைசர் வழியே படுக்க வைத்து.)

3. 16 தட ஸ்லாட்டில் 8 தடங்களுக்கே இணைப்பு உள்ளது. 16 தடக் கார்டைச் செருகினால் என்ன ஆகும்? (இயங்கும், 8 தட அளவுக்கே தரவு ஓடும்.)

4. தலா 25 வாட் எடுக்கும் நான்கு கார்டுகள் நாள் முழுவதும் இயங்கினால் எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும்? (100 வாட் × 24 மணி = 2.4 யூனிட்.)

எழுத்துத் தேர்வைவிட முக்கியமானது ஒரு செய்முறைக் கேள்வி. ஒரு பெட்டியையும் ஒரு கார்டையும் மாணவர் கையில் கொடுத்து, "வாங்கலாமா வேண்டாமா, காரணத்தோடு சொல்" என்று கேளுங்கள். உள் உயரம், பிராக்கெட், ஸ்லாட்டின் தடம், மின்திறன், காற்றோட்டம் ஆகிய ஐந்தையும் பார்த்துவிட்டுச் சொல்பவருக்கு முழு மதிப்பெண். என் வகுப்பில் எழுத்துத் தேர்வில் பின்தங்கும் சில மாணவர்கள் இந்தக் கேள்விக்கு முதலில் கைதூக்கினார்கள். சரக்குக் கிடங்கிலும் பட்டறையிலும் வேலை செய்யும் பெற்றோரோடு போய்வந்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. அந்த அனுபவத்துக்கு மதிப்பெண் கிடைத்தது அவர்களுக்கு அதுவே முதல் முறை.

இந்த மாணவர்களின் பெயரையும் ஆர்வத்தையும் குறித்துவைத்து, மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் அல்லது தொழிற்கல்விப் பாடத்தையும், பிறகு தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள கணினி வன்பொருள் பிரிவுகளையும் அவர்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் துறைமுகம் இல்லாவிட்டால் நெல் மூட்டை ஏற்றும் லாரியோ தறிக்கூடமோ இருக்கும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். செய்து பார்த்தபின் உங்கள் மாணவர்களின் கணிப்பு எங்கே மாறியது என்பதை மட்டும் தவறாமல் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டுப் பாடத் திட்டத்தை அங்கிருந்து எழுதலாம்.